ரெண்டரைக் கட்டை நவநீதன்

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருக்கிற ஒருவருக்குக் காது கூர்மையாக இருந்துவிட்டால் அதைவிடப் பெரிய தொல்லை வேறு வேண்டாம். நவநீதனுக்கு இருந்தது. ஜோலார்பேட்டைப் பக்கம் போகும் சரக்கு வண்டி ஊதினால், அது எத்தனை கட்டை சுருதியில் ஊதுகிறது என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். பக்கத்து வீட்டு மிக்ஸி ஒரு சுருதியில் ஆரம்பிக்கும். தேங்காய்த் துண்டு மாட்டியதும் அரைக் கட்டை இறங்கும். பத்து வருஷமாக அதே கதைதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த வீட்டு வாசலில் போய் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா மஹ்பூபி, அந்த மோட்டாரை யாருகிட்டயாச்சும் காட்டக் கூடாதா? உயிரை வாங்குது."

"சட்னி நல்லாத்தானே அரைபடுது அண்ணே?" என்றாள் மஹ்பூபி. அவளுக்கு அவர் என்ன கேட்கிறார் என்பதே புரியவில்லை. நவநீதன் தலையில் அடித்துக்கொண்டு திரும்பி வந்தார்.

இருபது வயதில் அவர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது தையல் மிஷின்கள் நாற்பது சுருதியில் ஓடின. இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, சம்பளம் வாங்கிய கையோடு வெளியே வந்தவர், அதன்பிறகு நாதஸ்வரத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. இன்றைக்கு ஐம்பத்தொரு வயது. வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்தக் கல்யாண மண்டபத்தில் கேட்டாலும் அவருடைய வாசிப்பையும் சொல்வார்கள், வாயையும் சொல்வார்கள்.

வாயைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஜனங்கள் கேட்கிற கேள்வி அப்படி. நாதஸ்வரத்தில் திமிரி என்று ஒன்று உண்டு. குட்டையானது, சுருதி உயர்ந்தது. பாரி என்று ஒன்று உண்டு. நீளமானது, சுருதி தாழ்ந்தது. நவநீதன் வாசிப்பது பாரி, ரெண்டரைக் கட்டை. மரத்தைக் கடைந்து துளை போட்ட அன்றைக்கே அந்தச் சுருதி முடிவாகிவிடுகிறது. சீவாளியை, அதாவது வாயில் வைத்து ஊதும் அந்த நாணல் தட்டையை, உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ ஒரு நூல் ஏற்றி இறக்கலாம். அவ்வளவுதான். இது தெரியாமல், பெண்ணின் சித்தி பாடப் போகிறாள், கொஞ்சம் சுருதியை மாற்றிக்கொள்ளுங்கள் என்று யாராவது வந்து நிற்பார்கள்.

"கீபோர்டுன்னா பட்டனைத் தட்டுவேன். இது ஆச்சா மரம்ங்க. ஒரு ஜாண் வெட்டிப் போட்டாத்தான் ஏறும். வெட்டட்டுமா?" என்பார் நவநீதன்.

அவர் மனைவி அமிர்தவள்ளியின் தம்பி கன்னியப்பன், தோல் தொழிற்சாலை ஒன்றில் டிரம் பிரிவில் வேலை பார்க்கிறான். வீட்டளவு உயர மரப் பீப்பாய்கள் சுற்றிக்கொண்டே இருக்க, அதற்குள் தோல்கள் மருந்திலும் எண்ணெயிலும் புரளும் இடம் அது. நாதஸ்வரமும் வாசிப்பான். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய தொழிற்சாலைக்கு மிஷின் பழுது பார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்திருந்தார். அவரை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துவந்தான். மனிதர் சாப்பிடக்கூடப் போகாமல் நவநீதன் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வாசிப்பு முடிந்ததும் செல்போனை எடுத்து ஏதோ காட்டினார். கறுப்புக் குழல், துளைகளை மூட நிறைய வெள்ளிச் சாவிகள். ஓபோ என்று பெயராம். அவர் தம் ஊரில் அதைத்தான் வாசிப்பாராம்.

கன்னியப்பன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தான். "இதுலயும் ரெட்டைத் தட்டை சீவாளிதானாம் மாமா. நம்ம மாதிரியே ரெண்டரை ஸ்தாயி பேசுமாம். இதுக்கு ஒரு அண்ணன் இருக்குதாம், நீளமா, சுருதி தாழ்ந்து. நம்ம திமிரி, பாரி கணக்கா."

"சரி, அதுக்கு இன்னா?"

"அம்பது அறுபது பேரு சேந்து வாசிப்பாங்களாம். மொதல்ல ஓபோக்காரரு ஒரே ஒரு சுரம் ஊதுவாராம். மத்தவங்க எல்லாரும் அவருக்குத்தான் சேத்துக்கணுமாம். இவர மட்டும் யாரும் ஏத்து இறக்குன்னு சொல்ல முடியாதாம்."

நவநீதன் அந்த ஜெர்மன்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கு என்று குலுக்கினார். இத்தனை வருஷத்தில் தன்னைப் புரிந்துகொண்ட முதல் மனிதர் கடல் தாண்டி வந்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றியது. அன்றிலிருந்து, யாராவது சுருதி விஷயத்தில் வாயைத் திறந்தால், "வெளிநாட்டுல ஓபோக்காரனை இப்படிக் கேப்பாங்களா?" என்று ஆரம்பித்துவிடுவார். ஓபோ என்றால் என்னவென்று தெரியாதவர்கள் பயந்துபோய் நகர்ந்துவிடுவார்கள்.

தொல்லை இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தொடங்கியது. மேடையில் நவநீதன் வலது ஓரத்தில் உட்காருவார். அவருடைய வலது கால் பக்கத்தில் சுருதிப் பெட்டி. இடது பக்கம் அவருக்குத் துணையாக வாசிக்கும் இரண்டாவது நாதஸ்வரம். அதை ஒட்டினாற்போல் புகழேந்தியின் தவில். இருபத்திரண்டு வருஷமாக இதே வரிசை. மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. திடீரென்று, இரண்டாவது நாதஸ்வரம் சேரவில்லை. ஒரு பிசிறு ஏறி நின்றது. சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி இருந்தது அவருக்கு. குடியாத்தத்து ஆள் ஒருவர் துணைக்கு வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் நாலு கல்யாணத்தில் சொல்லிப் பார்த்துவிட்டு, ஆளை நிறுத்திவிட்டார். அடுத்து ஆற்காட்டு ஆள். அவரும் அப்படியே. அவர் போகும்போது, "உங்களுக்கு மேளம் வாசிக்க மனுசன் ஆவாது, தேவலோகத்துல இருந்து யாரையாச்சும் கூட்டினு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் சொந்த மைத்துனன் கன்னியப்பனைக் கூப்பிட வேண்டியதாயிற்று. அவனும் விடுப்புப் போட்டுவிட்டு வந்தான். முதல் கல்யாணத்தில், முதல் சுரத்திலேயே நவநீதன் முகம் சுளித்தார்.

"ஏறி நிக்குது."

கன்னியப்பன் சீவாளியை வெளியே இழுத்தான்.

"இன்னும் ஏறித்தான் நிக்குது. காது இருக்குதா இல்லையாடா உனக்கு?"

கல்யாணத்துக்குக் கல்யாணம் இதே பாட்டு. தொழிற்சாலையில் சூப்பர்வைசரிடம் வாங்குகிற திட்டு போதாதென்று, ஞாயிற்றுக்கிழமையும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து திட்டு வாங்கினான் கன்னியப்பன். ஒருநாள் செல்போனில் சுருதி காட்டும் முள் ஒன்றை இறக்கிக்கொண்டு வந்து காட்டினான். அவன் ஊதினான், முள் நட்டநடுவில் நின்றது.

"பாரு மாமா. கரெக்டா நிக்குது."

"அந்த முள்ளுக்குக் காது இருக்குதா?"

"மாமா, அது மிஷினு. அதுக்கு உன் மேலயும் கோவம் இல்ல, என் மேலயும் கோவம் இல்ல."

"அப்ப அதையே கூட்டினு போய்க் கல்யாணத்துல வாசிக்கச் சொல்லு" என்றார் நவநீதன்.

புகழேந்தி இதிலெல்லாம் தலையிடமாட்டார். நவநீதனிடம் வாயைக் கொடுத்தால் ஒருநாள் வீணாகும் என்று தெரிந்த மனிதர். விரல்களில் தவில் கூடு மாட்டுவதே பெரிய வேலை என்பதுபோல் குனிந்துகொள்வார்.

கன்னியப்பன் யோசித்தான். தட்டை விறைப்பாக இருந்தால் சுருதி ஏறும். மெத்தென்று இருந்தால் இறங்கும். இது எல்லா வாசிப்பாளர்களுக்கும் தெரிந்ததுதான். சீவாளியைக் கஞ்சியில் வேகவைத்துப் பதப்படுத்துவார்கள். ஆனால் கன்னியப்பன் பதினெட்டு வருஷமாகத் தோலோடு புழங்குகிறவன். பலகை மாதிரி விறைத்த ஆட்டுத் தோல் டிரம்முக்குள் போய்க் கைக்குட்டை மாதிரி வெளியே வருவதைத் தினமும் பார்க்கிறவன். அதற்குக் காரணம் ஃபேட்லிக்கர் என்கிற எண்ணெய். தோலுக்குச் செய்வது தட்டைக்கும் செய்யும் என்று அவன் முடிவு கட்டினான். ஒரு சின்ன பாட்டிலில் அந்த எண்ணெயைக் கொண்டுவந்து, வெந்நீரில் கலந்து, தன்னுடைய நல்ல சீவாளியை இரண்டு நாள் ஊறப் போட்டுவிட்டான்.

வைகாசியில் அந்தக் கல்யாணம். பெண்ணின் அப்பா ஷூ கம்பெனி மேனேஜர், மண்டபம் நிறைந்திருந்தது. கன்னியப்பன் முதல் சுரத்தை ஊதியதும் நவநீதன் திரும்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"இன்னைக்குத்தான்டா சேருது! இதை ரெண்டு வருசமா செஞ்சிருக்கக் கூடாதா?"

புகழேந்தி மட்டும் நிமிர்ந்து, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு இருவரையும் பார்த்தார். வழக்கம்போல் குனிந்துகொண்டார். முன் வரிசையில் கொஞ்சம் சங்கீதம் தெரிந்த ஒரு பெரியவர் எழுந்து போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தார். நவநீதன் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு வருஷத்தில் முதல் முறையாகச் சந்தோஷமாக வாசித்தார்.

சந்தோஷம் ஒரு மணி நேரம் நீடித்தது. எச்சில் பட்டு, எண்ணெயும் சேர்ந்து, தட்டை கொழகொழவென்று ஆகிக்கொண்டு வந்தது. முதலில் மேல் ஸ்தாயி செத்தது. பிறகு நடு ஸ்தாயி கம்மியது. ஐயர் கையைத் தூக்கிக் கெட்டிமேளம் என்று சத்தம் போட, மாப்பிள்ளை தாலியை எடுக்க, புகழேந்தி தவிலை முழக்க, நவநீதன் மேல் ஸ்தாயிக்குத் தாவினார். கன்னியப்பனும் தாவினான். தட்டையின் இரண்டு உதடுகளும் ஒட்டிக்கொண்டன. வாத்து கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மறுபடியும் வந்தது. மணமேடையில் மாப்பிள்ளையே சிரித்துவிட்டான். ஏழெட்டு செல்போன்களில் அது பதிவாயிற்று.

சாப்பாட்டுக் கூடத்தில், இலை போட்டிருந்த அத்தனை பேர் எதிரிலும் நவநீதன் அவனைப் பிடித்துக்கொண்டார். "இன்னாடா பண்ண அந்தச் சீவாளியை?"

கன்னியப்பன் உள்ளதைச் சொன்னான். நவநீதன் ஆடித் தீர்த்துவிட்டார்.

"தோலுக்குப் போடுற எண்ணெயை வாயில வைக்கிற சாமான்ல போட்டியா? நீ டிரம்மு உருட்டத்தான்டா லாயக்கு. உன்னைப் போய் மேடையில ஒக்கார வச்சேன் பாரு!"

"நீதானே மாமா ஏறி நிக்குது, ஏறி நிக்குதுன்னே. காலைல சேருதுன்னு சொன்னதும் நீதான்."

"வாயை மூடு."

கன்னியப்பன் நாதஸ்வரத்தை உறையில் போட்டு, இலையைத் தொடாமல் எழுந்து போனான். அதோடு அவன் அந்த வீட்டுக்கு வரவில்லை.

அமிர்தவள்ளிக்குத் தாய்வீடு என்று மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அவள் சண்டை போட்டிருந்தால் நவநீதன் சமாளித்திருப்பார். அவள் சோற்றைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள். ஆனி முழுக்க இப்படியே போயிற்று. ஆவணியில் மூன்று கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லை. குடியாத்தத்து ஆளும் ஆற்காட்டு ஆளும் போனையே எடுக்கவில்லை.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லாத மாதம். வீட்டில் உட்கார்ந்து செல்போனில் தம்புரா சுருதியை ஓடவிட்டுக்கொண்டு தனியாகச் சாதகம் செய்வார். ஒருநாள் அமிர்தவள்ளி வாயைத் திறந்தாள்.

"அந்த ஞொய்ங்குனு சத்தத்தை வயர் வாங்கிக் காதுல மாட்டிக்கினு கேளுங்க. தலை வலிக்குது."

இரண்டு மாதத்தில் அவள் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். நவநீதன் உடனே பஜாருக்குப் போய், அஃப்ஸர் ஜஹான் கடையில் இயர்போன் வாங்கி வந்தார். இரண்டு காதிலும் மாட்டினார். அடுத்த நிமிஷம் பிடுங்கி எறிந்தார். வலது பக்கம் ரெண்டரைக் கட்டை. இடது பக்கம் அதற்கும் மேலே. ஒரே போன், ஒரே தம்புரா, இரண்டு சுருதி! காசு வாங்கிக்கொண்டு என்ன சாமான் விற்கிறார்கள் இந்த ஊரில்?

அஃப்ஸர் ஜஹான் பி.காம். படித்துவிட்டு அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ளும் பெண். நவநீதன் போட்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு, இயர்போனைத் தன் காதில் மாட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் கேக்குது அங்கிள்."

"உனக்குச் சுருதி தெரியுமா?"

"தெரியாது. வேற பீஸ் தர்றேன், பேஜார் பண்ணாதீங்க."

வேறு பீஸ் கொடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவது, விலை ஜாஸ்தியானது, பெட்டியைப் பிரித்துக் கொடுத்தாள். அதுவும் அப்படியே. நவநீதன் கம்பெனிக்காரனைத் திட்டினார், பஜாரைத் திட்டினார், காலத்தைத் திட்டினார். அவள் கல்லாவில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்கிள், இப்ப மாத்தி மாட்டுங்க. ரைட்டுல இருக்கிறதை லெஃப்ட்ல, லெஃப்ட்ல இருக்கிறதை ரைட்டுல."

மாட்டினார்.

"இப்ப எந்தப் பக்கம் ஏறிக் கேக்குது?"

நவநீதன் பதில் சொல்ல வாயெடுத்தவர், கழற்றி மறுபடியும் மாற்றி மாட்டினார். இன்னொரு தடவை. எதை மாட்டினாலும் இடது காதுதான் ஏறிக் கேட்டது.

"ஒயர்ல பிரச்சனை இல்ல அங்கிள்" என்றாள் அஃப்ஸர் ஜஹான், கொஞ்சம் தணிந்த குரலில். "எங்க அப்பாவுக்கும் கடை வைக்கிறதுக்கு முன்னாடி டேனரி டிரம் சத்தத்துல ஒரு காது போச்சு. டாக்டர் கிட்ட காட்டுங்க."

மூன்று இயர்போனையும் அவள் திரும்ப எடுத்துக்கொண்டாள். நவநீதன் வண்டியை ஓட்டத் தோன்றாமல், தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கமாக இருந்தது. வேலூரில் காது டாக்டர் ஒருவர், கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதித்துவிட்டு, இடது பக்கம் இத்தனை வருஷம் என்ன சத்தம் கேட்டது என்று கேட்டார். தவில் என்றார் நவநீதன். டாக்டர் தலையாட்டினார். அடிபட்ட காதுக்குச் சில சுரங்கள் மாறிக் கேட்குமாம். போனது திரும்பாதாம். "வலதும் தேய ஆரம்பிச்சிருக்கு. அதையும் ரொம்ப நம்பாதீங்க" என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நவநீதன் கணக்குப் போட்டார். துணை நாதஸ்வரம் எப்போதும் இடது காதுப் பக்கம். குடியாத்தத்து ஆள் சரியாகத்தான் வாசித்தார். ஆற்காட்டு ஆளும் சரியாகத்தான் வாசித்தார். கன்னியப்பன் சரியாக வாசித்தபோதெல்லாம் திட்டு வாங்கினான். சீவாளியைக் கெடுத்துச் சுருதி இறங்கி ஊதிய அந்த ஒரு மணி நேரம்தான் பாராட்டு வாங்கினான். பள்ளிகொண்டா வந்தபோது அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டார்.

சொல்லாமல் இருந்துவிடலாம். தெரிந்தது ஒரு கடைப் பெண்ணுக்கும் ஒரு டாக்டருக்கும் மட்டும். காது போன மேளக்காரனை எவன் கூப்பிடுவான்? இரண்டு நாள் அப்படியும் இப்படியும் புரண்டார். மூன்றாம் நாள் ஷிப்ட் விடும் நேரத்தில் கன்னியப்பனின் தொழிற்சாலை வாசலில் போய் நின்றார். கன்னியப்பன் அவரைப் பார்த்ததும் சைக்கிளை வேறு பக்கம் திருப்பினான்.

"நில்லுடா. திட்ட வரல."

"வேற எதுக்கு வந்த?"

நவநீதன் டாக்டர் கொடுத்த காகிதத்தை நீட்டினார். கன்னியப்பனுக்குப் புரியவில்லை. வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. நடுரோட்டில், தோல் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போக, நவநீதன் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ சரியாத்தான் வாசிச்ச. ரெண்டு வருசமா. எனக்குத்தான் கேக்கல. நாலு பேரு எதிர்ல உன்னை அசிங்கப்படுத்திட்டேன். தப்புதான்."

கன்னியப்பன் சைக்கிள் பெல்லை விரலால் துடைத்தான். "ரெண்டு வருசம் மாமா" என்றான். "முள்ளு காட்டுனேனே. அதுக்குக் காது இருக்குதான்னு கேட்டியே." சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினான். "அந்தச் சீவாளி திருவீழிமிழலையில இருந்து ஆள் வச்சு வாங்கினது. அதைப் போய் எண்ணெயில போட்டேன்."

"அந்த ஜெர்மன்காரன் சொன்னானே, எல்லாரும் ஓபோக்காரனுக்குச் சேத்துக்கணும்னு. இனிமே அது நீ. நான் சேத்துக்கிறேன்."

கன்னியப்பன், அக்கா சாப்பிட்டாளா என்று மட்டும் கேட்டுவிட்டு சைக்கிளில் ஏறினான்.

ஆவணி முதல் முகூர்த்தம். நவநீதன் மேடையில் ஏறியபோது கன்னியப்பன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்த இடம் வலது ஓரம். சுருதிப் பெட்டி அவன் கால் பக்கத்தில் இருந்தது. நவநீதன் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். தவிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளும்படி புகழேந்தியிடம் சொன்னார். புகழேந்தி அதற்குள்ளாகவே தள்ளித்தான் வைத்திருந்தார்.

நவநீதன் ஒரு சுரத்தை ஊதினார். அவருக்குச் சரியாகக் கேட்டது. ரொம்பச் சரியாக, அப்பழுக்கில்லாமல்.

கன்னியப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டான். "ஏறி நிக்குது மாமா."

விரலில் கூடு மாட்டிக்கொண்டிருந்த புகழேந்தி நிறுத்தினார். நவநீதன் மைத்துனனின் முகத்தைப் பார்த்தார். பழைய கணக்கைத் தீர்க்கிறானா, மெய்யாகவே ஏறித்தான் நிற்கிறதா? அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அவருடைய இரண்டு காதுகளும் அவன் பொய் சொல்கிறான் என்றன. வாய்வரை வந்த சொல்லை விழுங்கிக்கொண்டு, சீவாளியை ஒரு நூல் வெளியே இழுத்து ஊதினார்.

"இன்னும்."

இன்னொரு நூல் இழுத்தார். இப்போது அவருக்கு அது தாங்க முடியாத அபசுரமாகக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஊதினார்.

"சேந்துடுச்சி" என்றான் கன்னியப்பன்.

முன் வரிசையில் யாரும் எழுந்து போகவில்லை. நவநீதன் கண்ணை மூடிக்கொண்டு, அந்த அபசுரத்திலேயே வாசிக்க ஆரம்பித்தார்.